ஜென்சி மாற்றிப் போட்ட பாதை

பள்ளங்கியில் பிறந்த ஜென்சிக்குக் கொடைக்கானலில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் ஆக்னலின் காரில் ஆயக்குடிக்கு இறங்கிவிடுவாள். கொய்யாத் தோப்புகளைத் தாண்டி அங்கே ஒரு பொட்டல். உள்ளூர் கிளப் ஒன்று அதில் ஆட்டோகிராஸ் நடத்தியது. ஆரஞ்சு கோன்களை வைத்து வளைவும் நெளிவுமாகப் பாதை போடுவார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக ஓடும். கோனைத் தட்டாமல் வெரசா முடிப்பவருக்குப் பரிசு. பாதை போடுவது ஜென்சி.

அவள் ஆபீசுக்கு டாக்சி ஓட்டும் ஆக்னல்தான் எப்போதும் முதல். பாதையை மாற்றிப் பார்க்கலாம் என்று ஜென்சி கேட்டால் கிளப் தலைவர் சண்முகராஜ் சம்மதிக்கமாட்டார்.

"பழகுன பாதைலதாம்மா வேகம் வரும். வேகம் இருந்தாத்தான் கூட்டம் வரும்."

ஆடிக் காற்றில் ஒரு நாள் ஒரு கோன் உருண்டு போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஆக்னல் வந்தான். கோன் நின்றிருந்த வெறும் மண்ணை, அது இருக்கிற மாதிரியே அளவாகச் சுற்றிக்கொண்டு போனான். கூட்டம் கைதட்டியது. வண்டி நின்றதும் ஜென்சி அவனிடம் ஓடினாள்.

"அண்ணே, அங்க கோனே இல்ல. எதப் பாத்துத் திருப்புன?"

"கை தானாத் திரும்புது புள்ள. இதுல என்ன கெடக்கு?"

ஐப்பசி மழையில் மலைப்பாதையின் ஒரு வளைவில் ஓரம் சரிந்தது. டிரம்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வாரம் முழுக்க ஆக்னல் அவற்றை உரசாமல் போய்வந்தான். ஞாயிறு மாலை இருவரும் திரும்பும்போது மூடுபனி. அன்று பகலில் இன்னும் கொஞ்சம் மண் சரிந்திருந்ததால் டிரம்களை ரோட்டுக்குள் நகர்த்தி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, டிரம்மு உள்ள வந்துருக்கு, பாரு."

அவன் கை அதற்குள் திருப்பிவிட்டது. ஒரு டிரம் பம்பரில் பட்டுப் பள்ளத்துக்குள் போயிற்று. அது கீழே விழுந்த சத்தம் வர நேரமானது. இடது முன்சக்கரம் அந்தரத்தில் நின்றது. இருவரும் வலது கதவு வழியாக மெல்ல இறங்கினார்கள். கவுஞ்சியிலிருந்து பூண்டு ஏற்றி வந்த லாரிக்காரர் கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொடுத்தார்.

"டிரம்ம மாத்தி வச்சவனச் சொல்லணும்" என்றான் ஆக்னல். தான் பார்க்காமல் திருப்பியது அவனுக்கு உறைக்கவே இல்லை. ஜென்சிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த போட்டிக்கு யாரையும் கேட்காமல் பாதையை அடியோடு மாற்றிப் போட்டாள். ஆக்னல் கோன் கோனாகச் சாய்த்துக் கடைசியாக வந்தான். காய்கறி வேன் ஓட்டும் அன்னக்கொடி, ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பார்த்துத் திருப்பி, முதலாவதாக வந்தாள்.

"அண்ணன அவமானப்படுத்தத்தான் இப்டிப் போட்டியா?" என்று கேட்டுவிட்டு ஆக்னல் ஜென்சியைக் காரில் ஏற்றாமலே போய்விட்டான். சண்முகராஜ் வேறு ஆளை வைத்துப் பழைய பாதையையே போட்டார். ஆக்னல் மறுபடி ஜெயிக்க ஆரம்பித்தான். ஜென்சி ஆயக்குடிப் பக்கம் போவதில்லை. பனி இறங்கும் நாட்களில் ஆபீஸ் சவாரிகளை அவனுக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டாள். அவன் வேறு ஆபீசில் போய்ச் சேர்ந்துகொண்டான்.

மழை இன்னும் விடவில்லை. நேற்று மலைப்பாதையில் வேறொரு வளைவில் ரோட்டில் வெடிப்பு விழுந்திருப்பதாகச் சேதி வந்ததும் அவனுக்கு போன் போட்டாள்.

"எனக்குத் தெரியாத வளைவா புள்ள" என்று சொல்லி வைத்துவிட்டான். போன் கட்டாகும்முன், வண்டிக்குள் டூரிஸ்ட் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது.