பனிமலைக்குப் போன பூட்ஸ்

என் தங்கை புருஷனின் பூட்ஸை நீர் வாங்கி உம் காலில் மாட்டிக்கொண்டீர். அதனால்தான் இன்று அவன் இரண்டு பாதத்திலும் விரல் இல்லை. உம் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல மூன்று வருஷமாக எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஊர் அறிந்த கதை வேறு. மடவார் வளாகத்தில் கோவில் மண்டபத் தூணில் சாய்ந்துகொண்டு நீர் சொல்லுகிற கதை அது. ஆப்பிரிக்காவில் சிங்கம் சுட்டீர், பனிமலை ஏறினீர். கூட வந்த நாய்க்காரனாகிய என் மாப்பிள்ளை மட்டும் பக்தி முற்றிப்போய், சொல்லச் சொல்லக் கேளாமல் பனியில் பூட்ஸைக் கழற்றினான். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நீரும் சிரிக்கிறீர்.

நான் பட்டாளத்தில் இருந்து திரும்பி, ராஜபாளையத்தில் சும்மா இருந்த காலம். மேற்கு மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் உமக்குச் சிநேகிதம். ஒரே பயணத்தில் ஆப்பிரிக்காக் காட்டில் வேட்டையும் ஆடி, அங்கே இருக்கிற பனிமலையிலும் ஏறிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நம் ஊர் வெள்ளை நாய்கள் காட்டுப்பன்றியை வளைத்து நிறுத்துவதை அவர் பார்த்திருந்தார். சிங்கத்தையும் அப்படி நிறுத்தும் என்று நினைத்தார். உம்மிடம் ஐந்து நாய் இருந்தது. ஆனால் அவை உம் பேச்சைக் கேட்காது, உம்மிடம் நாய் பழக்கும் வேலையில் இருந்த என் மாப்பிள்ளை பேச்சைத்தான் கேட்கும். அதனால் அவனும் வந்தான். துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ள நான் வந்தேன். ஊரில் பெருமை பேச நீர் வந்தீர்.

என்னிடம் பட்டாளத்து பூட்ஸ் இரண்டு ஜோடி இருந்தது. ஒன்றை மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். தேய்ந்திருந்த குதிகாலில் ஏழு ஆணி நானே அடித்தேன். அதில் ஒன்று கோணலாக இறங்கிவிட்டது. அவன் அதுவரை தோல் செருப்பைத் தவிர வேறு எதையும் காலில் போட்டதில்லை. கப்பல் தட்டில் பூட்ஸோடு நடந்து பழகினான். புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி கால் பின்னியது.

"மச்சான், உள்ள காலுக்கு மூச்சு முட்டுது."

"காலு எப்படிலே மூச்சு விடும்? நட."

"நீரு பட்டாளத்துல இதப் போட்டுக்கிட்டா ஓடுனீரு?"

"ஓடல. அதான் உசுரோட இருக்கேன்."

மொம்பாசாவில் இறங்கி, ரயிலில் கொஞ்ச தூரம் போய், பிறகு நடந்தோம். சமவெளியில் வரிக்குதிரைகள் நம் ஊர் மந்தை போல மேய்ந்தன. நாய்களுக்கு வெறி பிடித்துவிட்டது. நான்காவது நாள் சிங்கத்தை வளைத்தன. நிறுத்தத்தான் செய்தன. ஆனால் துரை சுடுவதற்குள் இரண்டு நாய் கிழிபட்டுவிட்டது. சிங்கம் விழுந்தது துரையின் குண்டுக்கு. தோல் உம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அடுத்த வாரம் ஏதோ ஒரு ஈ கடித்து இன்னும் இரண்டு நாய் நுரை தள்ளிச் செத்தது. மாப்பிள்ளை இரண்டு நாள் சோறு தின்னவில்லை. "நாய்தானலே, ஊருல குட்டியா இல்ல?" என்று நீர் கேட்டீர். மிஞ்சிய ஒன்றை மலையடிவாரத்தில் சுமைகாரர்களிடம் விட்டோம்.

மலை முதலில் கண்ணில் பட்டபோது அவன் கேட்டான்: "மேல என்ன மச்சான், சுண்ணாம்பா?"

பனி என்றேன். உடனே கையெடுத்துக் கும்பிட்டான். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். நம் அய்யனார் கோவிலுக்குப் போகும்போது ஆற்றங்கரையிலேயே செருப்பை விட்டுவிட்டுத்தான் எல்லாரும் ஏறுவோம். அவன் அதற்கும் முன்னால், தோப்பு தாண்டும்போதே கழற்றிவிடுவான். அதனால் கண்டிப்பாகச் சொன்னேன்: "இங்க பூட்ஸக் கழத்துன, காலு போயிரும். சாமி கோவிச்சா நான் பாத்துக்கிடுதேன்." சரி என்றான். பனியின் ஓரம் வரை கழற்றவில்லை.

கடைசி முகாம் ஒரு பாறைக்கு அடியில். நனைந்த உம் பூட்ஸைச் சீக்கிரம் காயட்டும் என்று நெருப்புக்குள் தள்ளாத குறையாக வைத்தீர். தோல் சுருங்கி, அடி வாய் பிளந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் பனியில் படி வெட்டுவதற்காகத் துரை என்னை முன்னால் கூட்டிப்போய்விட்டார். நீரும் மாப்பிள்ளையும் சாப்பாட்டு மூட்டையோடு பின்னால் வர வேண்டும் என்பது ஏற்பாடு.

உச்சிக்குப் போகும் முன்பே துரைக்குத் தலைவலியும் வாந்தியும் வந்துவிட்டது. திரும்பினோம். இறங்கி வரும்போது பனியில் தடம் தெரிந்தது. ஏழு ஆணி, ஒன்று கோணல். மாப்பிள்ளை வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு தடம். வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவாக. இன்றுவரை கண்ணில் நிற்கிறது.

அதுவரை ஏறிவிட்டுத் திரும்பி, கொஞ்சம் கீழே நீங்கள் இருவரும் நின்றீர்கள்.

"மாப்ள, பூட்ஸ் எங்கலே?"

"மொதலாளிதான் சொன்னாவ மச்சான். அய்யனாருக்குக் கழத்துதோம்லா, இதுவும் சாமி மலதானன்னு. எனக்கும் மனசு உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு."

"வலிக்கா?"

"இல்ல. காலே இல்லாத மாதிரி இருக்கு."

நீர் குனிந்து உம் காலைப் பார்த்தீர். அவன் பூட்ஸ் உமக்குப் பெரிதாக இருந்ததால் தலைப்பாகையைக் கிழித்து உள்ளே திணித்திருந்தீர். "அவனாத்தான் குடுத்தான். நீ என்ன, துரைக்கு முன்னால சத்தம் போடுத?" என்றீர்.

சாமி மலையில் நீர் மட்டும் பூட்ஸோடு நிற்கலாமா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஊர் திரும்புகிற கப்பல் டிக்கெட் உம் பெட்டியில் இருந்தது. அந்தப் பயத்தில்தான் வாயை மூடினேன்.

அவனை முதுகில் சுமந்து இறங்கினேன். கால் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. முகாமில் நெருப்பை மூட்டி அதில் காட்டினேன். அப்படிச் செய்யவே கூடாது என்று பிற்பாடு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். என் பங்கு அது. அதையும் மறைக்கவில்லை. விரல்கள் கறுத்தன. பத்தையும் எடுத்துவிட்டார்கள். அப்போது நீர் வெளியே சிங்கத்தோலுக்கு உப்புத் தடவச் சொல்லி ஆளை அதட்டிக்கொண்டிருந்தீர்.

ஓட முடியாவிட்டாலும் அவனால் நாய் பழக்க முடியும். அவன் சீழ்க்கைக்கு இன்றைக்கும் நாய் நிற்கும். ஆனால் உம் கதையைக் கேட்டுவிட்டு ஒருவரும் பழக்கக் குட்டி கொடுப்பதில்லை. போன மாதம் செட்டியார்பட்டியில் ஒரு வீட்டுக்கு அவனோடு போனேன். "கூறு கெட்டவன் கையில குட்டியக் குடுத்தா வெளங்குமா?" என்று வாசலிலேயே சொன்னார்கள். தெருவில் ஒருவன், "ஏலே, ஆப்பிரிக்கா அய்யனாரு வெரல மட்டுந்தான் கேட்டாரா?" என்றான். மாப்பிள்ளை கம்பை ஊன்றி நடந்தான்.

வீட்டில் தங்கை என்னைக் கேட்டாள். "அண்ணே, நீ அங்கதான இருந்த? ஏன் வாயத் தொறக்கல?"

"விடு ஏட்டி. கழத்துனது எங் கைதான" என்றான் அவன். அவனே அதை நம்பிவிட்டான். இப்போது அய்யனார் கோவிலுக்கும் வருவதில்லை. ஆற்றங்கரையோடு திரும்பிவிடுகிறான்.

சிங்கத்தோலை வைத்துக்கொள்ளும். உச்சியைத் தொட்டதாகவும் சொல்லிக்கொள்ளும், எனக்கு ஒன்றுமில்லை. வருகிற ஆடி அமாவாசைக்கு ஊரெல்லாம் அய்யனார் கோவிலுக்குப் போகும். நீரும் வருவீர். ஆற்றங்கரையில் எல்லாரும் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் நான் என் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிற்பேன். நாய் வளர்க்கிறவர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். அவர்கள் காது கேட்கப் பதில் சொல்லும்: கழற்றச் சொன்னது யார்? கழற்றிய பூட்ஸ் யார் காலுக்குப் போனது?