பாத்ரூம் போனால் வரும் மயக்கம்

காலை ஆறு பத்துக்கு, பாத்ரூமிலிருந்து வெளியே வந்த என் மகள் கதவைப் பிடித்தபடியே சரிந்தாள். முகமெல்லாம் வேர்வை. சிறுநீர் கழித்ததும் நெஞ்சு படபடக்கிறது, தலை பிளக்கிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விருத்தாசலத்தில் அவள் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் செராமிக் கம்பெனியில், வேலையைத் தட்டிக்கழிக்கச் சாக்கு என்றார்கள். "நடிக்காதடி" என்று நானும் திட்டியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பி.பி. சரியாகத்தான் இருந்தது. இளம் டாக்டரம்மா ஒருவர் மட்டும், "பாத்ரூம் போயிட்டு வாம்மா, திரும்பப் பார்க்கலாம்" என்றார். வந்ததும் பார்த்தால் இருநூறைத் தாண்டியிருந்தது. மெஷினைத் தட்டிவிட்டு மறுபடியும் அளந்தார். அதேதான்.

"நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க?" என்றாள் மகள், பாதிச் சிரிப்போடு.

சிறுநீர்ச் சோதனைக்கும் ஸ்கேனுக்கும் அனுப்பினார்கள். பயமும் பரபரப்புமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே ஸ்கேன் படத்தோடு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மூத்திரப்பைச் சுவத்துல சின்னக் கட்டிங்க. பை சுருங்கும்போதெல்லாம் அது பி.பி.ய ஏத்துற ஹார்மோன ரத்தத்துல கொட்டுது. ரொம்ப அபூர்வம், நானே புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். முதல்ல மாத்திரையில பி.பி.ய அடக்கிட்டு, அப்புறம் ஆபரேஷன்ல எடுத்துடலாம். உங்க பொண்ணு நடிக்கலைங்க."