நீலக் குமிழ் வைத்த இரண்டு கடிகாரங்கள்

சிறுசேரியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். கூட்டம் நடந்த நேரமெல்லாம் அவருடைய இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீள்சதுரமான எஃகுச் சட்டம், வெள்ளை டயல், ரோமன் எண்கள், நீலநிறத்தில் இரண்டு முட்கள், சாவி கொடுக்கும் குமிழில் ஒரு பொடி நீலக் கல். கையில் வேறு நகையே இல்லை. தேவையும் இருக்கவில்லை.

அன்று மாலை கம்பெனி பஸ் மேடவாக்கம் நெரிசலில் நின்றபோது போனில் அதைத் தேடிப் பிடித்தேன். விலையைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அந்தப் பணத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் மூன்று ஸ்கூட்டர் நிறுத்தலாம்.

ஆனால் ஆசை விடவில்லை. தேடத் தேட, இணையத்தில் என்னைப் போன்றவர்கள் ஒரு பெரிய கூட்டமே இருப்பது தெரிந்தது. பேர்பெற்ற கடிகாரங்களின் வடிவத்தை ஒட்டி, ஆனால் டயலில் தங்கள் சொந்தப் பெயரையே போட்டு விற்கும் சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன. ‘ஹோமேஜ்’ என்று அதற்கு ஒரு மரியாதையான பெயர். ஒன்றை வரவழைத்தேன். பெட்டி சுமார்தான். கடிகாரம் மட்டும் நான் அந்த அம்மாள் கையில் பார்த்த அழகோடு அப்படியே இருந்தது. மறுநாள் பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள்: “ஒரிஜினலா?”

“இல்லப்பா. அந்த மாதிரி. வேற பேரு போட்டிருக்கு பாரு.”

அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. உண்மையில், அப்படிச் சொல்லிவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வதில் தனிச் சுகம் இருந்தது.

சேலையூரில் எங்களுடையது மாடி வீடு. கீழே என் ஓரகத்தி இருக்கிறார். என் கணவருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்தவர். அண்ணன் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன், ஜெர்மனியில் வேலை. அக்கா ஓய்வு பெற்றபோது அவன் வர முடியவில்லை. பதிலாக, ஊருக்கு வந்த ஒரு நண்பனிடம் பரிசு கொடுத்து அனுப்பினான். அன்று சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கூப்பிட்டார்.

“இதப் பாரேன், என்ன அனுப்பியிருக்கான்னு.”

பட்டுத்துணி விரித்த பெட்டிக்குள் என் கடிகாரம் இருந்தது. அதாவது, என் கடிகாரம் எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அது. நான் இடது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

பரீட்சை ஹாலில் வருடக்கணக்காகப் பிட் பிடித்த கண்கள் அக்காவுடையவை. “ஏன் கைய மறைக்கிற?” என்றார். நீட்டினேன்.

“நீ எப்ப வாங்கின?”

“மூணு மாசம் இருக்கும்க்கா.”

“ரெண்டும் ஒண்ணா இருக்கே.”

“பாக்கத்தான்க்கா. உங்களோடதுதான் அசல்.”

அவர் முகம் கொஞ்சம் சுருங்கிப்போனது. தன் பரிசு வந்த அன்றே மாடியில் இருப்பவளிடமும் அது இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சரி, வித்தியாசம் தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்து இரண்டின் விலையையும் சொன்னேன். அக்கா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். நல்ல பட்டுப்புடவை விலை இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தாராம்.

“இதக் கட்டிக்கிட்டு நான் கத்தரிக்கா வாங்கப் போறதா?” என்றவர், பெட்டியை மூடி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வம்பு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஆரம்பித்தது. “அம்மா, வாட்ச் எங்க?” என்று மகன் கேட்டான். குளித்துவிட்டு இப்போதுதான் வருகிறேன் என்றார். அடுத்த வாரம், மாவு பிசைகிறேன் என்றார். அதற்கடுத்த ஞாயிறு மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார்.

“உன்னோடத ஒரு அரை மணி நேரம் குடேன். அவன் பாத்தா போதும்.”

“பீரோவைத் தொறந்தா ஆச்சு, உங்களோடதே இருக்கேக்கா.”

“எடுக்கறப்ப கை தவறிடுச்சுன்னா?”

கழற்றிக் கொடுத்தேன். போன் திரையில் டயலில் உள்ள பெயரை யார் படிக்கப்போகிறார்கள்? அன்று மகனுக்கு ஒரே சந்தோஷம் என்று அக்கா வந்து சொன்னார். அதன்பிறகு ஞாயிறுதோறும் என் கடிகாரம் கீழே இறங்கியது. போகப் போக, திரும்பி ஏறுவது தாமதமானது. திங்கள், செவ்வாய் என்று அக்கா அதைக் கட்டிக்கொண்டே பால் வாங்கினார், நடைப்பயிற்சி போனார், பாத்திரம் தேய்த்தார். நான் வெறுங்கையோடு சிறுசேரிக்குப் போய் வந்தேன். ஒருமுறை, “அப்போ உங்களோடத நான் கட்டிக்கட்டுமா?” என்று கேட்டேன். “பஸ்ல போறவளுக்கா?” என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடிகாரம் வந்த நாளில் இருந்த மனவருத்தம் அத்தோடு போயிற்று.

பாத்திரத் தண்ணீரில் ஊறி ஊறி ஸ்ட்ராப் உரிந்துவிட்டது. விடுப்பில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் என் ஸ்கூட்டரில் பல்லாவரம் சந்தைக்குப் போனோம். தார்ப்பாய் விரித்துக் கடிகாரங்களைப் பரப்பியிருந்த ஒருவரிடம் ஸ்ட்ராப் கேட்டோம்.

“ஸ்ட்ராப் கீதுக்கா. அதுக்கு மின்ன இத்தப் பாரு,” என்று அவர் ஒரு கடிகாரத்தை அக்காவின் கையில் வைத்தார். “பெரிய கம்பெனி. எவனும் கண்டுபுடிக்க முடியாது.”

அக்கா கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். பீரோவில் இருப்பதன் பெயரே அதில் பளபளவென்று அச்சாகியிருந்தது. சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புது ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு திரும்பும் வழியில், கரும்புச்சாறு வண்டியருகே நின்றபோது கேட்டார்.

“அதுவும் நகல், உன்னோடதும் நகல். எனக்கு ஏன் அதத் தொடப் பிடிக்கல?”

“அது வேற ஒருத்தர் பேரப் போட்டுக்குதுக்கா. என்னோடது அதோட சொந்தப் பேருலதான் இருக்கு.”

அக்கா சாற்றைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். “சரிதான். எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தி நடிகை சாயல்ல இருப்பா. எல்லாரும் ஆசையா பாப்போம். அவளே நான்தான் அந்த நடிகைன்னு சொல்லியிருந்தா பக்கத்துல போயிருக்க மாட்டோம்.”

டிசம்பரில் மகன் வந்தான். அக்கா விமான நிலையத்துக்கு வரும் அவசரத்தில் என் கடிகாரத்தோடுதான் வந்தார். காரில் அவன் பார்க்கவில்லை. வீட்டில் காபி டம்ளரை வாங்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினான்.

“அம்மா, இது நான் வாங்கினது இல்லையே.”

அக்கா மழுப்பவில்லை. “சித்தியோடது. உன்னோடது பீரோல இருக்கு,” என்றார். அவன் என்னைப் பார்த்தான். எனக்கு மாடிக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

“நீ அவ்வளவு பணம் போட்டு வாங்கினத நான் தொலைச்சிட்டா என்னடா பண்ணுவேன்?”

“தொலைஞ்சா தொலையட்டும்மா. பீரோல வெக்கறதுக்கா வாங்கினேன்?” காபி டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: “சின்ன வயசுல பாத்திருக்கேன். அப்பா வாட்ச்சக் கட்டிக்கிட்டு பரீட்சை டூட்டிக்குப் போவீங்க. கையத் தூக்கினா முழங்கை வரைக்கும் ஓடும். இறக்கினா வளையல்ல வந்து இடிக்கும். அளவா ஒண்ணு வாங்கித் தரணும்னு அப்பவே நெனச்சேன்.”

அக்கா எழுந்து போய் பீரோவைத் திறந்தார். பெட்டியோடு வந்து கையை நீட்டினார். அவனே கட்டிவிட்டான். அளவாக இருந்தது. என் கடிகாரம் என்னிடம் வந்து சேர்ந்தது.

அதை அவன் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபமாக இருப்பான் என்று பயந்தேன்.

“நல்லாருக்கே சித்தி. ஆம்பளைங்களுக்கும் இருக்கா?”

அப்போதுதான் அவன் கையைக் கவனித்தேன். கல்லூரிக் காலத்து பிளாஸ்டிக் கடிகாரம், பட்டை வெளுத்துப்போய்.

“நீயும் அசலே வாங்கிக்கலாமேப்பா?”

“ஒண்ணு வாங்கறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு சித்தி,” என்று சொல்லிச் சிரித்தான். அக்கா தன் மணிக்கட்டை மற்றொரு கையால் பொத்திக்கொண்டார்.

அன்று மாலை மூவரும் என் போனைச் சுற்றி உட்கார்ந்து, வட்டமான கறுப்பு டயல் வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கடலுக்கு அடியில் முக்குளிப்பவர்களுக்காகச் செய்த ஒரு பெரிய கடிகாரத்தின் சாயல் அது. அவனுக்கு நீச்சலே தெரியாது. அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் அது வந்து சேர்ந்தது. கட்டிக்கொண்டுதான் போனான்.

அக்கா இப்போது அசலைத்தான் தினமும் கட்டுகிறார். முதல் சில நாட்கள் தாம்பரம் ஸ்டேஷன் கூட்டத்தில் முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தார். பிறகு அந்தப் பயம் தானாகத் தேய்ந்தது. பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைக்கிறார்.

போன மாதம் ஒரு காலை, நடைப்பயிற்சி முடிந்து நேரே மாடிக்கு வந்தார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

“பார்க்ல கூட நடக்கறவ கேக்கறா, இது ஆன்லைன்ல வாங்கினதா, லிங்க் அனுப்புங்கன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“ஆமான்னுட்டேன். விலையச் சொன்னா நாளைலேர்ந்து எங்கூட நடக்க மாட்டா. நீ வாங்கினியே, அந்த லிங்க்க எனக்கு அனுப்பு.”

அனுப்பினேன். இப்போது அந்தப் பூங்காவில் நீலக் குமிழ் வைத்த கடிகாரத்தோடு இன்னும் இரண்டு பேர் நடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் சேர்ந்துகொள்கிறேன். நால்வரில் யாருடையது எது என்று யாரும் கேட்பதில்லை. நடை முடிந்ததும் கேம்ப் ரோடு முனையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.