பொட்டு வைக்காத அம்மா படம்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். "எங்களைத் தவிக்க விட்டுச் சென்றார்" என்று முதல் வரி போடட்டுமா என அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தவிக்கிறோம், அது உண்மை. ஆனால் ஐந்து வயது மகளை வைத்துக்கொண்டு எந்தத் தாய் விட்டுச் செல்வாள்? நோய்தான் பிடுங்கிக்கொண்டு போனது.

அக்கா பிறந்தது வளவனூரில். அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டப் போன நாட்களில் என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கிளியனூரில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு, பால்வாடி டீச்சரானார். நான் போகும்போதெல்லாம் பிள்ளைகள் தரையில் கவிழ்ந்து சாக்பீஸால் வரைந்துகொண்டிருப்பார்கள். அக்காவும் அவர்களோடு தரையில்தான் இருப்பார். "படிப்பு சொல்லிக் குடுக்காம கிறுக்க வுட்டுக்கினு இருக்கீங்களே டீச்சர்" என்று குறை சொன்னவர்களும் உண்டு.

ஒரு பையன் தினமும் பால்வாடிக்கு வரமாட்டேன் என்று அழுது, அவன் அம்மாவிடம் அடி வாங்குவான். ஒருநாள் அவன் வீட்டைவிடப் பெரிய நாயை வரைந்தான். நான் சிரித்துவிட்டேன். "சும்மா இருடி" என்று என்னை அதட்டிவிட்டு, "இதுல என்னா நடக்குதுன்னு சொல்லு கண்ணு" என்றார் அக்கா.

"சைக்கிள் கடை நாயி. தெனம் தொரத்துது."

அக்கா சொன்னதைக் கேட்டு, மறுநாளிலிருந்து அவன் அம்மா வேறு தெரு வழியாக அழைத்துவந்தார். அழுகை நின்றது.

"படம் அழகா இருக்கான்னு பாக்காதடி. புள்ள என்னா சொல்லுதுன்னு கேளு" என்பார் அக்கா. எனக்கு அந்தப் பொறுமை வந்ததே இல்லை.

பிறகு புற்றுநோய் வந்தது. ஊசி போட்டதில் அக்காவின் தலைமுடியெல்லாம் கொட்டிப்போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த வாரம், மகள் யாழினி ஒரு படம் வரைந்தாள். கட்டிலில் அம்மா. தலையில் முடி இல்லை, நெற்றியில் பொட்டும் இல்லை.

மாமாவின் அக்கா பதறிப்போனார். "ஐயய்யோ, என்னாடி இது! பொட்டில்லாம வரையலாமா? குடுடி!" என்று சிவப்புக் கலரைப் பிடுங்கி, தானே பொட்டு வைக்கப் போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். தம்பி பெண்டாட்டி பிழைக்கவேண்டுமே என்ற பயம் அவருக்கு.

"வுட்டுடுங்க அண்ணி. அது பாத்தத வரையுது" என்றார் அக்கா. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த அம்மா என்னா பண்றாங்க பாப்பா?" என்று கேட்டார்.

"படுத்துக்கினே இருக்காங்க. எழுந்துப்பாங்களா?"

"தெரியல கண்ணு. அம்மாவுக்குப் பெரிய நோவு. எழுந்துக்காமயே போனாலும் போயிடுவேன். அப்பாவும் சித்தியும் உங்கூடவே இருப்பாங்க."

அன்று இரவு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனப்புறம் அம்மா ஊருக்குப் போயிருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்கடி. பஸ்ஸப் பாத்துக்கினே நிக்கும்" என்றார்.

அதுவே நடந்தது. அடக்கத்தின்போது யாழினியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்ததும் "அம்மா எங்க?" என்று கேட்ட பிள்ளைக்கு, மனசு தாங்காத யாரோ அதே பொய்யைச் சொல்லிவிட்டார்கள். பாவி மனசு, எங்களுக்கும் அதை மறுக்க வாய் வரவில்லை. திண்டிவனத்திலிருந்து வருகிற பஸ் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். கலர் பெட்டியைத் தொடவில்லை. பேச்சும் குறைந்துபோனது.

மாமா அதிகம் பேசாத மனிதர். ஒரு மாலையில் ரோட்டோரமே அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா பஸ்ல வரமாட்டாங்க பாப்பா. செத்துட்டாங்க. ஏரிக்கரையில பொதைச்சுட்டு வந்தோம். காலையில உன்ன இட்டுக்கினு போய் காட்டறேன்." அவள் அவர் மார்பில் அடித்து அடித்து அழுதாள். அவரும் தடுக்கவில்லை. ஏரிக்கரைக்குப் போய் வந்த பிறகுதான் கலர் பெட்டியைக் கேட்டாள்.

அக்காவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், கேப்பைக் கூழ் கரைத்து வந்து ஊட்டிய பால்வாடி ஆயாம்மாவுக்கும், இன்றும் யாழினிக்குத் தலைவாரிப் பூ வைக்கிற மாமாவின் அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை படத்தைக் காட்டினால், தயவுசெய்து உட்கார்ந்து கேளுங்கள்.

இந்த மலருக்காக அக்காவின் போட்டோக்களைப் பரப்பி வைத்திருந்தபோது எனக்கு அழுகை முட்டியது. யாழினி பார்த்துவிடக் கூடாதென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் வரைந்துகொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவ நெனச்சிக்கினியா? அழுவு சித்தி. நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன்."