மெமரியில் தப்பில்லை

தொண்ணூறுகளின் நடுவில், மலாய் நாட்டில், பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு சரக்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தேன். டேப் மாற்றுவது, பிரிண்டருக்குக் காகிதம் போடுவது, இதுதான் என் வேலை. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பதவி காலியாக இருந்தது. புது டேட்டாபேஸை ஓட வைத்தால் அது உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவர் யாழ்ப்பாணத் தமிழர். நான் தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். என்னிடம் அவர் இங்கிலீஷ் தவிர வேறு பேசியதில்லை. தமிழே வராதோ என்று நினைத்திருக்கிறேன்.

டேட்டாபேஸ் முதலில் எழவே இல்லை. பல புரோகிராம்கள் பங்குபோட்டுக்கொள்ளும் மெமரிக்கு சர்வரில் ஓர் உச்சவரம்பு உண்டு. அதை எழுதிவைத்த ஃபைலில் எண் சிறியதாக இருந்தது. மேனுவலைப் படித்துக் கணக்குப் போட்டு, எண்ணைக் கூட்டி, மிஷினை நிறுத்தி மறுபடி போட்டேன். எழுந்தது. எங்கள் மாடியில் எல்லாருக்கும் ஓடியது.

சிம்பாங் அம்பாட்டில் இருந்த எங்கள் கம்பெனிக் கிடங்கிலிருந்து மட்டும் உள்ளே வர முடியவில்லை. மேனேஜர் என் மேல் பாய்ந்தார். மெமரி எண் தப்பு, குறை என்றார். குறைத்தேன், டேட்டாபேஸ் படுத்துவிட்டது. கூட்டு என்றார். கூட்டினேன். ஒவ்வொரு தடவையும் மாடி முழுக்க வேலை நின்றது. எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள். மெமரி தப்பென்றால் நமக்கு மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். காதில் வாங்கவில்லை.

கடைசியில் நானே கிடங்குக்குப் போன் போட்டேன். அங்கே கிளார்க் நம் ஆள், தோட்டத்துத் தமிழன்.

"தம்பி, ஒங்க மிஷின்ல சர்வீஸ் ஃபைல் இருக்குல்ல, அதுல நம்ம டேட்டாபேஸ் பேர எப்படி அடிச்சிருக்கீங்க?"

"ஸ்டோர்தான்க்கா. எஸ், டி, ஓ, ஆர்."

"ஈ எங்க?"

"எதுக்குக்கா ஈ? வாசல் போர்டுல மலாய்ல அப்படித்தானே இருக்கு. ஒங்க மேனேஜர்தான் போன்ல சொன்னாருலா, போர்ட்ல உள்ள மாதிரியே அடின்னு."

எந்தச் சேவைக்கு எந்த எண் என்று வரிவரியாகச் சொல்லும் ஃபைல் அது. புரோகிராம் தேடியது இங்கிலீஷ் ஸ்டோரை. ஃபைலில் இருந்தது மலாய் ஸ்டோர். எப்படிக் கிடைக்கும்? ஈயைச் சேர்க்கச் சொன்னேன்.

"வந்துருச்சுக்கா! இந்த ஒரு ஈக்காகவா இத்தன நாளா ஈ அடிச்சிக்கிட்டு இருந்தோம்?"

அன்று சீன முதலாளி வந்து என்ன கோளாறு என்று கேட்டார். இந்தப் பெண் மெமரி எண்ணைத் தப்பாகப் போட்டாள், நான் சரிபண்ணிவிட்டேன் என்று மேனேஜர் இங்கிலீஷில் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். சிரித்த முகம் மாறாமல் அவர் என் பக்கம் திரும்பி, முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"பிள்ளை, இப்ப ஒண்டும் கதைக்க வேண்டாம். பிறகு பாப்பம்."

முதலாளிக்குப் புரியக்கூடாது, அதற்குத்தான் தமிழ். அதுவரை என்னிடம் பேசக் கூசிய மொழியை என் வாயை அடைக்க எடுத்தார்.

மூன்று பேருக்கும் தெரிந்த மலாயில் முதலாளியிடமே சொன்னேன்: மெமரியில் தப்பில்லை, கிடங்குக்கு எழுத்தைத் தப்பாகச் சொன்னது இவர்தான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சுடா ஜாலான், சுடாலா" என்றார். ஓடுகிறதே, விடு என்று அர்த்தம்.

பதவி வெளியிலிருந்து வந்த ஒருவனுக்குப் போனது. வந்த அன்றே என்னிடம் வந்து, மெமரி எண் எந்த ஃபைலில் இருக்கிறது என்று கேட்டான்.

தெரியாது என்று சொல்லிவிட்டு டேப் மாற்றப் போனேன்.