கையில் திணித்த சாவி

உப்பளம் விளையாட்டரங்கில் எங்களைப் போன்ற விளையாட்டு ஆசிரியர்களுக்கு முதலுதவிப் பயிற்சி. இந்தச் சான்றிதழ் இல்லாமல் இனிப் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கக் கூடாதாம். பாடம் எடுத்த நர்ஸ் அக்கா தன் ஸ்கூட்டி சாவியை உயர்த்தி, "வலிப்புன்னு நெனச்சு யார் கையிலயாவது இத வச்சிருக்கீங்களா?" என்றார். முதலில் கை தூக்கியது நான்தான். பரிசு வாங்கப் போகிறவள் போல எழுந்தும் நின்றுவிட்டேன்.

துருவேறிய இரும்புக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். உள்ளங்கையில் ஒட்டினால் சோப்பு போட்டாலும் லேசில் போகாது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் முழுக்க அந்தக் கையைக் கழுவாமலே திரிந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர். நான் ஓடுவதைப் பார்த்தால், "நண்டு கூட இத விட நேரா ஓடும்" என்பார். பக்கத்துத் தெரு அஞ்சலை அப்படியில்லை. அவள் ஓடினால் பி.டி. சாரே விசில் ஊத மறந்துவிடுவார். சார் நல்லவர், சொந்தக் காசில் எங்களுக்கு வாழைப்பழம் வாங்கித் தருவார். ஆனால் ஓடி முடிக்கும்வரை தண்ணீர் கிடையாது. "வயித்துல தண்ணி குலுங்குனா கால் ஓடாது புள்ள."

ஓட்டப் போட்டிக்கு முந்தின வாரம், உச்சி வெயிலில், ஏழாவது சுற்றில் அஞ்சலை விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. உடம்பு தோசைக்கல்லாகக் காய்ந்தது. "வலிப்புடீ! இரும்பு குடுங்கடீ!" என்று கத்தியது நான். சார் இடுப்பிலிருந்து சாமான் அறைச் சாவியை உருவிக் கொடுத்தார். அதை அவள் கையில் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளை நிழலுக்குத் தூக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் பெருக்குகிற ஆயம்மா மட்டும் ஓடி வந்து ஒரு பக்கெட் தண்ணீரை அவள் மேல் கவிழ்த்தார்.

"பைத்தியமா ஆயம்மா ஒனக்கு? ஜன்னி வந்துடும்!" என்று சீறினேன்.

"கொதிக்குதுடீ ஒடம்பு! நவுரு!" என்றபடி அடுத்த பக்கெட்டுக்கு ஓடினார்.

அஞ்சலை கண் திறந்தாள். மறுநாள் பிரேயரில் எனக்குப் பரிசாகப் பேனா கொடுத்தார்கள். ஆயம்மாவுக்குக் கிடைத்தது திட்டு. அடுத்த வாரம் அஞ்சலையின் அப்பா வந்து, "வலிப்பு புள்ளன்னு ஊரே பேசுது சார். படிச்சது போதும்" என்று அவளைப் பையோடு கூட்டிப்போனார்.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லி முடித்தபோது நர்ஸ் அக்கா சிரிக்கவில்லை. "அப்புறம் அந்தப் பொண்ணுக்கு வலிப்பு வந்துச்சா?"

"இல்லக்கா. ஒரு தடவ கூட."

"நீ சொல்றதப் பாத்தா வெயில் தாக்குனதும்மா. சாவியால ஒன்னும் ஆவாது. தண்ணி ஊத்துனாங்களே, அவங்கதான் காப்பாத்துனது."

உட்கார நாற்காலியைத் தேடினேன். பின்னாலேயே இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. வலிப்புக்காரி என்ற பெயரை ஊருக்கு எடுத்துக் கொடுத்தவள் நான்.

அஞ்சலை இப்போது தவளக்குப்பத்தில் மீன் விற்கிறாள். மத்தியானமே போன் செய்து சொன்னேன். மார்க்கெட் இரைச்சலிலிருந்து தள்ளி வந்து கேட்டாள்.

"அப்ப எனக்கு வலிப்பு இல்லியாடீ? இன்னிக்கும் வூட்ல என்னைய அடுப்பாண்ட தனியா நிக்க உடமாட்டாங்கடீ."

அந்தப் பயிற்சிக்குப் பிறகு என் பள்ளியில் உச்சி வெயில் ஓட்டம் போய்விட்டது. தாகத்தை அடக்குகிறவள்தான் ஓட்டக்காரி என்ற பேச்சும் போய்விட்டது. என் பிள்ளைகள் சுற்றுக்குச் சுற்று தண்ணீர் குடிக்கிறார்கள். ஆயம்மா இறந்து இரண்டு வருடம். அஞ்சலையின் அப்பாவும் இல்லை.

அன்று போனை வைக்கும்முன் அஞ்சலை கேட்டாள்: "அன்னிக்கே யாராவது எங்கப்பாகிட்ட சொல்லியிருந்தா, நான் பத்தாவது எழுதியிருப்பேன்ல?"