பலாங்கேயின் விலா

அந்தோனியம்மாவின் கணவன் இராயப்பு ஊர்காவற்றுறைக் கடலில் தடி நட்டுக் களங்கண்ணி வலை கட்டி மீன் பிடித்தவன். வள்ளங்களும் ஆட்களும் வைத்துக் கரையை ஆண்ட பஸ்ரியாம்பிள்ளைச் சம்மாட்டிக்கு மீன் கொடுக்க மறுத்தான். ஒருநாள் சம்மாட்டியின் ஆட்கள் ஆறு பேர் வலைத்தடிகளைப் பிடுங்கினார்கள். தடுக்கப் போன இராயப்பு பிணமாகக் கரையொதுங்கினான். மரண விசாரணையில் அறுவரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: "நாங்கள் அண்டைக்குக் கடலுக்கே போகேல்லை."

அவர்களுக்குச் சம்மாட்டி வைத்திருந்த பெயர் பலாங்கே. ஸ்பெயினில் கத்தோலிக்க வேதத்தைக் காத்த படையாம்; ஏதோ பழைய பத்திரிகையில் படித்தது.

கருவாடு கொடுக்கப் போன இடத்தில் அந்தோனியம்மா கிறிஸ்தோப்பர் மாஸ்டரிடம் கேட்டாள்.

"உந்தப் பலாங்கே எண்டா என்ன மாஸ்டர்?"

"கிரேக்கரின்ர பழைய போர் அணி, பிள்ளை. தோளோட தோள் நெருக்கி நிப்பினம். ஒருத்தன்ர கேடயம் இடப்பக்கத்தான்ர பாதி உடம்பையும் மூடும். முப்பத்திமூண்டில ஸ்பெயினில தொடங்கின பாசிசக் கட்சி அந்தப் பேரை எடுத்தது. வேதத்தைச் சொல்லிச் சொல்லி, எதிர்த்த சனத்தைச் சுட்டவங்கள். சம்மாட்டி பாதிக் கதைதான் படிச்சிருக்கிறார்."

"அணியில ஒருத்தன் விலகினா?"

"பக்கத்தான்ர விலா திறந்திடும். பிறகென்ன, ஓட்டந்தான்."

அறுவரில் ஒருவனான அம்புறோஸின் மகளுக்கு அந்தோனியம்மா ஞானத்தாய். பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்துப் பிள்ளையைப் பீடத்துக்குக் கூட்டிப்போவது அவள் கடமை. தைத்த சட்டையோடு அம்புறோஸின் குசினி வாசலில் போய் இருந்தாள்.

"சட்டையைத் தாங்கோவன், அக்கா" என்றான் அம்புறோஸ்.

"தரமாட்டன். மகளின்ர நாக்கில நன்மை, தேப்பன்ர நாக்கில பொய்யோ? நான் வரேல்லை. ஏன் வரேல்லையெண்டு கோயில் வாசலில நிண்டு சொல்லுவன்."

"சம்மாட்டி என்னை விடமாட்டார்."

"நான் விடுவன் எண்டு ஆர் சொன்னது?"

மனைவி ஞானசவுந்தரி அடுப்பை விட்டு எழுந்தாள். "போய்ச் சொல்லுமப்பா. பிள்ளை தனிய நடக்கேலாது."

அம்புறோஸ் பொலிசுக்குப் போனான். துடுப்பால் அடித்தது சவிரிமுத்து என்றான். அடிக்கச் சொன்னது சம்மாட்டி என்று சவிரிமுத்து காட்டினான். மற்றவர்கள் ஆளையாள் காட்டித் தப்பப் பார்த்தார்கள். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் அந்தோனியம்மா தோய்த்த சேலை உடுத்தி, கோட்டின் முன்வாங்கில் இருந்து அவர்கள் வியர்ப்பதைப் பார்த்தாள்.

தீர்ப்பாகிச் சம்மாட்டி மறியல் சிறைக்குப் போன மறுநாள் அவர் மனைவி அல்போன்சம்மா அழுதுகொண்டு வந்தாள். அந்தோனியம்மா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"மன்னிச்சிடு, தங்கச்சி."

"அதைச் சுவாமியிட்டக் கேளுங்கோ, அக்கா. என்னட்டத் தேத்தண்ணிதான் இருக்கு."